நிஷாவின் பத்தியம்

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில், தையல் வரிசையில் எனக்கு அடுத்த மெஷின் அமிர்தவள்ளியுடையது. பயங்கர வாயாடி. சூப்பர்வைசரையே கேலி பண்ணி ஓட வைப்பாள். மகள் நிஷாவைப் பற்றிப் பேச்சு வந்தால் மட்டும் குரல் இறங்கிவிடும்.

நிஷாவுக்குப் பதினைந்து வயது. பார்த்தால் ஆறாம் வகுப்புப் பிள்ளை என்பார்கள். சில வருஷமாகவே வயிறு உப்பும், வலிக்கும், பேதியாகும். கூடப் படித்தவர்கள் எல்லாம் வயசுக்கு வந்துவிட்டார்கள், இவள் வரவில்லை. தெருவில் அது வேறு பேச்சாகிவிட்டது. ஒரு டாக்டர் பூச்சி மாத்திரை கொடுத்தார். ஒருவர் கேஸ் டிரபிள் என்றார். இன்னொருவர் பரீட்சை பயம் என்றார். "லீவுலயும் போவுதே, அது இன்னா பயம்?" என்று அமிர்தவள்ளி கேட்டதற்கு அவர் அடுத்த நோயாளியைக் கூப்பிட்டுவிட்டார். அவள் புருஷன் இன்பராஜ், தோல் பதனிடும் ஷாப்புகளால் கெட்டுப்போன தண்ணீர்தான் காரணம் என்று அடித்துச் சொன்னான். எங்கள் ஊரில் எதற்கும் முதலில் மாட்டிக்கொள்வது தண்ணீர்தான். கேன் தண்ணீருக்கு மாறினார்கள். ஒன்றும் மாறவில்லை.

கடைசியில் அமிர்தவள்ளி பத்தியத்தைப் பிடித்துக்கொண்டாள். எங்கள் பக்கம் உடம்பு சரியில்லாதவர்களைப் பார்க்க யாரும் வெறுங்கையோடு போவதில்லை. பிரெட், இல்லாவிட்டால் ரஸ்க் வாங்கிக்கொண்டு போவோம். பிரெட்டைப் போல வயிற்றுக்கு லேசானது எதுவும் இல்லை என்பது எல்லாருடைய நம்பிக்கை. வயிறு மோசமாக ஆக, நிஷாவுக்குச் சோறு குறைந்தது. காலையில் பாலில் நனைத்த பிரெட், சாயங்காலம் ரஸ்க், இரவு கோதுமைக் கஞ்சி. வெளியில் எதுவும் கிடையாது. பிரியாணி கிடையவே கிடையாது. ஆம்பூரில் பிறந்த பெண்ணுக்குப் பிரியாணி இல்லை என்றால் அதைவிடக் கொடுமை என்ன இருக்கிறது! பக்கத்து வீட்டு வஹீதாவின் மகள் கல்யாணத்தில், பிரியாணி தம் உடைத்த வாசனை மண்டபம் முழுக்கப் பரவியிருக்க, நிஷா டிபன் பாக்ஸைத் திறந்து பிரெட் தின்றாள். வஹீதாவுக்கு மனசு கேட்கவில்லை.

"ஒரு வாய் குடுத்தா இன்னா ஆயிடும், அமிர்தவள்ளி? கொழந்த மூஞ்சியப் பாரு."

"உங்களுக்கு இன்னா வஹீதாக்கா, சொல்லிட்டுப் போயிடுவீங்க. அப்புறம் பேஜார் படறது நாங்க."

பந்தியில் எல்லார் காதிலும் விழுகிற மாதிரிச் சொன்னாள். வஹீதா அதற்குப் பிறகு அவர்கள் வீட்டுப் பக்கம் அதிகம் வரவில்லை.

இந்த வருஷம் நிஷா பள்ளிக்கூடத்தில் மயங்கி விழுந்தாள். உடம்பில் ரத்தமே இல்லை என்று சொல்லி வேலூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். இன்பராஜுக்கு லீவு கிடைக்கவில்லை. துணைக்கு நான் போனேன்.

அங்கிருந்த லேடி டாக்டர் பொறுமைசாலி. பிள்ளை என்ன சாப்பிடுகிறாள் என்று முதலில் கேட்டவர் அவர்தான். அமிர்தவள்ளி பெருமையாகவே ஒப்பித்தாள், பிரெட், ரஸ்க், கஞ்சி என்று. டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். ஒரு ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்தார். அடுத்த முறை ரிசல்ட்டோடு போனபோது கதவைச் சாத்தச் சொன்னார்.

"உங்க பொண்ணுக்குக் கோதுமை ஒத்துக்கலைம்மா. கோதுமை உள்ள போனா அவ உடம்பே அவ குடலைப் புண்ணாக்குது. அதான் சாப்பிடறது எதுவும் ஒட்டலை. வளரலை. நம்ம பக்கம் இது கம்மி, வடக்கேதான் ஜாஸ்தி. அதனால யாரும் தேடிப் பார்த்திருக்க மாட்டாங்க."

அமிர்தவள்ளிக்குப் புரியவில்லை. "பிரெட்டு லேசுதானே டாக்டர்?" என்றாள்.

"பிரெட்டும் கோதுமைதாம்மா. ரஸ்க்கும் அதான்."

"பிரியாணி?" நிஷா கேட்டாள்.

"அரிசிதானே. தாராளமா சாப்பிடலாம்."

எனக்குத் தலையில் இடி விழுந்தது போல இருந்தது. அமிர்தவள்ளி நாற்காலியின் கையைப் பிடித்தவள் விடவே இல்லை. "நான் ஊட்டி ஊட்டி விட்டேனே," என்றாள். "வேணாம் வேணாம்னுச்சு. அடிச்சிக்கூட ஊட்டுனேன்." தையல் வரிசையையே சிரிக்க வைப்பவள், வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். நிஷா அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பேரிடி அதற்குப் பிறகுதான். உள்ளே கேமரா விட்டு, குடலில் ஒரு துணுக்கு எடுத்துப் பார்த்தால்தான் உறுதியாகும் என்றார் டாக்டர். அதற்குத் தேதி பத்து நாள் கழித்து.

"அதுவரைக்கும் கோதுமையை நிறுத்தாதீங்க. தினமும் குடுங்க. நிறுத்துனா குடல் ஆற ஆரம்பிச்சிடும், டெஸ்ட்ல தெரியாமப் போயிடும்."

"ஆகாதுன்னும் நீங்களே சொல்றீங்க, குடுன்னும் நீங்களே சொல்றீங்க. பெத்தவ எப்படி டாக்டர் குடுப்பேன்?"

"உறுதியானா கோதுமையை எப்பவுமே தொடக் கூடாது. தெரிஞ்சிக்காம விட்டா, ஆயுசுக்கும் சந்தேகத்துலயே இருக்கணும்மா."

ஆம்பூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் நிஷா ஓட்டல் வாசலில் நின்றுவிட்டாள். "ம்மா, பரோட்டா வாங்கிக் குடு. மைதாவும் கோதுமைதானே. டாக்டரே சாப்பிடச் சொல்லிட்டாங்க. பத்து நாளுக்கப்புறம் எப்பவுமே கிடையாதுல்ல?"

இத்தனை வருஷம் அவளை அந்தக் கடைப் பக்கமே விடாதவள் உள்ளே கூட்டிப்போனாள். நிஷா பரோட்டாவைப் பிய்த்து, சால்னாவில் ஊற வைத்து, ரசித்துத் தின்றாள். ஒவ்வொரு விள்ளலும் உள்ளே போவதை அமிர்தவள்ளி கண் கொட்டாமல் பார்த்தாள். "இன்னும் ரெண்டு வாய், கண்ணு" என்று கெஞ்சியே பழகியவள், தண்ணீர் டம்ளரை அவள் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

பரிமாறுகிறவர் வந்து நின்றார். "இன்னொண்ணு வைக்கட்டுமாம்மா?"

நிஷா அம்மாவைப் பார்த்தாள். அமிர்தவள்ளி என்னைப் பார்த்தாள். "நீ சொல்லு ஜோதிக்கா," என்றாள். "என்னால முடியல."

நான்தான் வைக்கச் சொன்னேன்.