பிள்ளைக்காம்பராவும் என் முதுமாணிப் பட்டமும்

நிறுவனத் தலைமைத்துவத்தில் எனக்கு முதுமாணிப் பட்டம் இருக்கிறது. சட்டம் போட்டுச் சுவரில் மாட்டவில்லை. அலுமாரியில் போர்வைகளுக்கு அடியில் கிடக்கிறது. யாராவது அதைப் பற்றிக் கேட்டால் இன்றைக்கும் எனக்குக் கோபம்தான் வரும்.

ராகலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் வெளிக்கள உத்தியோகத்தராக இருந்தேன். சனங்கள் கண்டாக்கு என்பார்கள். தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் பிறந்த ஒருவன் கண்டாக்கு ஆவதே எங்கள் தோட்டத்தில் பெரிய காரியம். முகாமையாளர், அதாவது எங்கள் பெரிய துரை, ஒரு நாள் என்னை அலுவலகத்துக்குக் கூப்பிட்டார். இதோடு நின்றுவிடாதே, மேலே படி, லயத்திலிருந்து உதவி முகாமையாளராக, சின்னத் துரையாக வரும் முதல் ஆள் நீயாகத்தான் இருக்க வேண்டும் என்றார். நுவரெலியாவில் ஞாயிற்றுக்கிழமைகளில் வகுப்பு. அதில் சேர வேலைத்தலத்தின் சம்மதம் வேண்டும். கேட்காமலே கொடுத்தார். கொடுத்துவிட்டு என் தோளில் கையும் போட்டார். அதற்கு முன் எந்தத் துரையும் என் தோளில் கை போட்டதில்லை. நான் அப்படியே உருகிப்போனேன்.

கொழுந்து எடுக்கும் என் அக்காவுக்கு இந்தப் படிப்பே வேடிக்கையாக இருந்தது.

"தலைவராவுறதுக்கு சங்கத்துல சேந்தா பத்தாதா தம்பி? எங்க தலைவரு எட்டாம் வகுப்போட நின்னவரு. அவரு போடுற சத்தத்துக்கு தொரையே கதவ சாத்திக்கிறாரு. ஒனக்கு எதுக்கு ஞாயித்துக்கெழமையும் பஸ்ஸுல தொங்குற வேல?"

"இது வேற தலைமைக்கா. சத்தம் போடாம ஆளுகள நடத்துறது."

"அப்ப அது தொரமாரு செய்யிற வேல" என்று சிரிப்பாள்.

இரண்டாம் வருடத்தில் ஒரு செயற்றிட்டம் கொடுத்தார்கள். வேலை செய்யும் இடத்திலேயே ஒரு மாற்றத்தை முன்னின்று நடத்திக் காட்ட வேண்டும். எதைச் செய்வது என்று நான் மண்டையைப் பிய்த்துக்கொண்டிருந்தபோது துரையே வழி சொன்னார். பிள்ளைக்காம்பராவை இடம் மாற்று என்றார்.

பெண்கள் மலைக்குப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுப்போகிற கட்டிடம் அது. மேட்டில், கொழுந்து மலைகளுக்கு நடுவில் இருந்தது. பால் கொடுக்கிறவர்கள் கூடையை இறக்கிவைத்துவிட்டு ஓடிப்போய்க் கொடுத்துவிட்டு வந்துவிடலாம். அங்கே நின்றால் உடப்புசல்லாவைப் பக்கத்து மலைகள் வரை தெரியும். கூரை ஒழுகுகிறது, தகடு மாற்ற வேண்டும், அதுவரை பிள்ளைகள் கீழே பழைய ஸ்டோரில் இருக்கட்டும், சித்திரை வருடப்பிறப்பு முடிந்ததும் மேலே கொண்டுவந்துவிடலாம் என்றார் துரை. கூரை ஒழுகியது உண்மைதான்.

பெண்கள் ஒப்பவில்லை. கீழே இறங்கிப் பால் கொடுத்துவிட்டு ஏறி வருவதற்குள் அரை நாள் போய்விடும் என்றார்கள். காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக் களத்துக்கு வந்தார்கள், மலைக்குப் போகாமல் அங்கேயே உட்கார்ந்துவிட்டார்கள். அக்காவும் மடியில் பிள்ளையோடு உட்கார்ந்திருந்தாள். நான் பேசினால் எடுபடாது, உன் சனம், நீ போய்ப் பேசு என்று துரை என்னை அனுப்பினார்.

களத்தை ஒட்டிய மாரியம்மன் கோயில் முன்னால் கூடினோம். வகுப்பில் படித்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் செய்தேன். முதலில் அவர்களைப் பேசவிட்டேன். குறுக்கே ஒரு வார்த்தை சொல்லவில்லை. எது பயம், எது கோபம் என்று பிரித்துப் பிரித்துக் கேட்டேன். எல்லாம் கேட்டு, துரையின் திட்டத்தை விளக்கி முடித்தபின் ஒரு பெண் எழுந்தாள்.

"நீங்க சொல்றதெல்லாஞ் சரி தம்பி. சித்திரைக்கு அப்புறம் புள்ளைகள மேல கொண்டாந்துருவாங்கன்னு சூடம் அணைப்பீங்களா?"

எங்கள் பக்கம் சாமி முன்னால் சூடம் அணைத்துச் சொல்லிவிட்டால் அதற்கு மேல் கேள்வி கிடையாது. ஆனால் அது அவரவர் சொல்லுக்காக அணைப்பது. அடுத்தவன் சொல்லுக்காக எந்தப் பைத்தியக்காரனும் அணைக்க மாட்டான். நான் அணைத்தேன். வெற்றிலையில் எரிந்த சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்தபோது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. பெண்கள் மறுபேச்சில்லாமல் எழுந்து கூடையைத் தூக்கினார்கள். அடுத்த கிழமையே பிள்ளைகள் கீழே போனார்கள்.

எங்கள் விரிவுரையாளர் யாழ்ப்பாணத்துக்காரர். என் அறிக்கையை வாசித்துவிட்டு, "உங்கட சனம் உங்களில எவ்வளவு நம்பிக்கை வச்சிருக்கு எண்டு இதில தெரியுது. வடிவாச் செய்திருக்கிறியள்" என்றார். வகுப்பிலேயே எனக்குத்தான் கூடிய புள்ளி.

பழைய தகடு இறங்கியது, புதுத் தகடு ஏறியது. சித்திரை வந்து போனது. பிறகு லொறியில் பெரிய பெரிய கண்ணாடிகள் வந்து இறங்கின. எதற்கு என்று துரையிடம் கேட்டேன். பிள்ளைகளுக்கு வெளிச்சம் வேண்டாமா என்றார். நான் அதையும் நம்பி, மழையில் நனைந்தபடி ஏறி வந்துகொண்டிருந்த பெண்களிடம் போய்ச் சொன்னேன்.

"கண்ணாடி போட்ட புள்ளக்காம்பராவா! எங்க புள்ளைக என்ன லண்டன்லயா பொறந்துச்சு?" என்று ஒருத்தி கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. நேரத்துக்குக் கொடுக்க முடியாமல் அவளுக்குப் பால் வற்றிப்போய், பிள்ளையைப் போத்தலுக்கு மாற்றியிருந்தாள்.

கடைசித் தவணையில், வேலையில் பழுத்த ஒருவரை அழைத்து வகுப்பில் பேசவைப்பது வழக்கம். என் அறிக்கையை வாசித்த விரிவுரையாளர் எங்கள் துரையையே அழைத்துவிட்டார். நான் முன்வரிசையில் போய் உட்கார்ந்தேன். இரண்டு பக்கமும் திரும்பி, "எங்க தொர" என்று சொல்லிக்கொண்டேன்.

திரையில் ஒரு படம் விழுந்தது. எங்கள் பிள்ளைக்காம்பராதான். சுவர் முழுக்கக் கண்ணாடி. உள்ளே மேசைகள், நாற்காலிகள், தேநீர் குடிக்கும் வெள்ளைக்காரர்கள். கணினியில் வரைந்த படம். அது உல்லாசப் பயணிகளுக்கான தேநீர் மண்டபமாகப் போகிறதாம். மூன்று வருடங்களுக்கு முன்பே, அதாவது நான் வகுப்பில் சேர்வதற்கும் முன்பே, தீர்மானித்த திட்டம் என்று அவர் வாயாலேயே சொன்னார். தொழிலாளர்கள் எதிர்த்திருப்பார்களே, எப்படிச் சமாளித்தீர்கள் என்று யாரோ கேட்டார்கள். அவர் ஆங்கிலத்தில் சொன்ன பதில் இதுதான். அவர்கள் நம்புகிற ஓர் ஆளை முன்னால் விடுங்கள். அந்த ஆளுக்கு முழு விபரமும் தெரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தெரிந்தால் முகம் காட்டிக்கொடுத்துவிடும்.

வகுப்பு சிரித்தது. சிலர் குறிப்பெடுத்துக்கொண்டார்கள். விரிவுரையாளர் மட்டும் தலையைக் குனிந்துகொண்டு பேனையைத் திருகிக்கொண்டிருந்தார். நம்பவைத்துக் கழுத்தை அறுப்பது என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அறுத்ததை அறுபட்டவனையே முன்வரிசையில் வைத்துக்கொண்டு பாடம் நடத்துவதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

திரும்பும்போது துரை தன் ஜீப்பிலேயே ஏற்றிக்கொண்டார். சித்திரைக்குப் பிறகு என்றீர்களே என்று கேட்டேன். எந்த வருடத்துச் சித்திரை என்று சொன்னேனா என்று சிரித்தார். உனக்குச் செயற்றிட்டம் கிடைத்தது, எனக்குக் கட்டிடம் கிடைத்தது, சின்னத் துரை வேலைக்கு உன் பெயரைத்தான் சொல்லப்போகிறேன் என்றும் சொன்னார். பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுகிற மனிதர். ராகலையில் நிறுத்தச் சொல்லி இறங்கிவிட்டேன். இறங்கும்போது பழக்கதோஷத்தில் என் வாய் "தேங்க் யூ சேர்" என்றது. அந்த வாயை நினைத்தால் எனக்கு இன்றும் அருவருப்பாக இருக்கிறது.

மறுநாள் காலை, துரை வருவதற்கு முன்பே பெரட்டுக் களத்தில் பெண்களைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். படத்தை, கண்ணாடியை, வகுப்பில் அவர் சொன்ன பதிலை, ஒன்றையும் மறைக்கவில்லை. அவர்கள் கொதித்தெழுவார்கள், நானும் அவர்களோடு நின்று துரையைக் கேட்கலாம் என்று நினைத்திருந்தேன்.

"அந்த ஆளு நம்ம எல்லாரையும் ஏமாத்திட்டாரு" என்று முடித்தேன்.

கோயிலில் என்னைக் கேள்வி கேட்ட பெண் தலைத்துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு வேறெங்கோ பார்த்தாள். அக்காதான் பேசினாள். அவள் குரலில் கோபம்கூட இல்லை.

"நம்மள இல்ல தம்பி, ஒன்னைய. தொர சொன்னத நாங்க என்னைக்கு நம்புனோம்? அவரு வந்து சொல்லியிருந்தா இந்த எடத்த விட்டு ஒருத்தியும் எந்திரிச்சிருக்க மாட்டோம். நீ சொன்னதுனாலதான் எந்திரிச்சோம்."