தாராபுரத்திலிருந்து கோவை: ஒரு லண்டன் நர்ஸ் நேர்காணல்

போன மாதம் ஒரு சனிக்கிழமை, என் மனைவி சுகந்தியோடு தாராபுரத்திலிருந்து கோவைக்குப் போய் வந்தேன். அவள் தனியார் மருத்துவமனையில் ஒன்பது வருடமாக நர்ஸ். லண்டன் மருத்துவமனை ஒன்றுக்கு ஆள் எடுக்கும் நேர்காணல். ஆங்கிலத் தேர்வில் இரண்டு முறை சறுக்கி, மூன்றாவதில் கரையேறியிருந்தாள். இதுவும் கை நழுவினால் இனி அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது என்று அவளே சொல்லிவிட்டாள். இதே காரியமாகக் கிளம்புகிறவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

காலை ஐந்தரைக்குப் பேருந்து. பல்லடம் வழியாகச் சிங்காநல்லூர் வரை எண்பது கிலோமீட்டர் சொச்சம், ஆளுக்கு எழுபத்தைந்து ரூபாய். பல்லடத்தில் டீ குடிக்க இறங்கிவிடாதீர்கள், கண்டக்டர் காத்திருக்கிற ரகமில்லை. சிங்காநல்லூரிலிருந்து நேர்காணல் நடக்கும் பீளமேட்டு ஓட்டலுக்கு ஆட்டோ நூற்றெண்பது.

"ஏனுங்க, லண்டன் இன்டர்வியூங்களா? காலைல இருந்து மூணாவது சவாரிங்க. அங்க நர்ஸே இல்லீங்களா?" என்றார் டிரைவர்.

தெரிந்ததைச் சொன்னேன். முன்பு ஸ்பெயின், போர்ச்சுகல், ருமேனியாவிலிருந்து விசா இல்லாமலே நர்ஸுகள் அங்கே போனார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகுவதென்று பிரிட்டன் போட்ட பிரெக்ஸிட் ஓட்டுக்குப் பிறகு அந்த வரத்து குறைந்துபோனது. அதனால் இந்தப் பக்கம் அதிகமாகத் தேடுகிறார்கள்.

"அட, அவங்க ஊட்டுச் சண்டை நமக்கு வேலைங்களா!" என்று சிரித்தார்.

சுகந்தி உள்ளே போய் அரை மணியில் முகம் வெளுத்து வந்தாள். "கெடுத்துப்போட்டேனுங்க" என்றாள். அறுவை சிகிச்சை முடிந்த பெரியவர் சாப்பிட மறுக்கிறார், என்ன செய்வீர்கள் என்று கேட்டார்களாம். இவள் யோசிக்காமல், "அவருடைய அட்டெண்டரைக் கூப்பிடுவேன்" என்றிருக்கிறாள். நம் ஊரில் அட்டெண்டர் என்றால் நோயாளியோடு தங்கும் சொந்தக்காரர். ஊட்டுவது, துடைப்பது, ஒன்றுக்குப் போக வைப்பது எல்லாம் அவர்கள் பாடு. அங்கே யாரும் தங்க மாட்டார்கள் என்று நேர்காணல் எடுத்த அம்மா விளக்கினாராம்.

"யாருமேவான்னு கேட்டுப்போட்டேனுங்க. அப்புறம், சரி, அப்ப நானே பக்கத்துல உக்காந்து ஊட்டறேன்னேன்."

மூன்று மணிக்குத் தேர்வானவர்களின் பெயர் வாசித்தார்கள். இவள் பெயரும் இருந்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, அங்கேயே கத்திவிட்டேன். அவள் உடனே அப்பாவுக்குப் போன் போட்டாள். அவருக்கு இவள் ஒரே பிள்ளை, அம்மாவும் இல்லை. "போயிட்டு வா கண்ணு, எனக்கென்ன கொறச்சல்" என்றார் அவர்.

போகிறவர்கள் அனுபவச் சான்றிதழின் அசலைக் கொண்டுபோங்கள். மதியச் சாப்பாட்டை வெளியே வைத்துக்கொள்ளுங்கள், ஓட்டலில் விலை கண்ணைக் கட்டும். நேர்காணலில் அட்டெண்டர் என்ற பேச்சே எடுக்காதீர்கள்.

 திரும்பும் பேருந்தில் சுகந்தி கேட்டாள்: "நாளைக்கு அப்பா ஆஸ்பத்திரியில படுத்தா அட்டெண்டர் யாருங்க?"

"நான் இருக்கறனல்ல" என்றேன், பழக்கத்தில்.

"நீங்களும் எங்கூடத்தானுங்க வர்றீங்க."