பார்த்தாலே தெரியுமாம்

என்ன வேலை பார்க்கிறாய் என்று யாராவது கேட்டால், அமெரிக்காக்காரர்களுக்குச் சாதிச் சான்றிதழ் வழங்குகிறேன் என்று சொல்வேன். முழுப் பொய் இல்லை. கொண்டப்பநாயக்கன்பட்டியில், மலைப்பாதை ஏறுவதற்குக் கொஞ்சம் முன்னால், ஒரு டயர் கடையின் மேல்மாடியில் எங்கள் அலுவலகம். அமெரிக்கச் செய்திச் சேனல்களின் படங்கள் கணினித் திரையில் வந்துகொண்டே இருக்கும். ஒவ்வொரு முகத்தையும் பார்த்து வெள்ளையர், கறுப்பர், ஆசியர் என்று குறிக்க வேண்டும். நாங்கள் குறிப்பதை வைத்து ஓர் இயந்திரம் மனிதர்களை அடையாளம் காணக் கற்றுக்கொள்ளுமாம். பாவம், அதற்கு வாய்த்த வாத்தியார்கள் நாங்கள்.

ஹிஸ்பானிக் என்ற சொல்லில்தான் வண்டி நின்றது. பயிற்சி வகுப்பில் எங்கள் டீம் லீடர், திருச்செங்கோட்டுக்காரர், விளக்கிப் பார்த்தார்.

"நல்லாக் கேட்டுக்கங்க. ஹிஸ்பானிக்குங்கறது இனம் கெடையாதுங்க. ஸ்பானிஷ் பேசற நாட்டுல இருந்து வந்த குடும்பம்னு அர்த்தம். வெள்ளையாவும் இருக்கலாம், கறுப்பாவும் இருக்கலாம். அதுக்குத் தனியா ஒரு பெட்டி குடுத்திருக்காங்க."

"அப்பச் சாதிங்களா?" என்றாள் பின்வரிசைப் பெண் ஒருத்தி.

"சாதியும் இல்லீங்க."

"பாசைங்களா?"

"அந்தப் பாசை ஒரு வார்த்த தெரியாதவனும் ஹிஸ்பானிக்தானுங்க."

"அப்பறம் போட்டோவப் பாத்து எப்புடிங்க கண்டுபுடிக்கறது?"

லீடர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "அவனுக்கே தெரியாமத்தான நம்மகிட்ட அனுப்பீருக்கறான். பாத்துப் போடுங்க சாமி."

பார்த்துப் போட்டோம். சீக்கிரமே எனக்கு வித்தை பிடிபட்டது. முகத்தைப் பார்க்கக் கூடாது, முகத்தைச் சுற்றி இருப்பதைப் பார்க்க வேண்டும். கோட்டும் டையும் இருந்தால் வெள்ளையர். கூரை வேய்ந்துகொண்டிருந்தால், எல்லை வேலியோரம் நின்றால், கையில் விலங்கு இருந்தால் ஹிஸ்பானிக். ஒருமுறை, தீப்பிடித்த வீட்டிலிருந்து ஒரு கிழவியைத் தூக்கிவந்தவனின் படம் வந்தது. கன்னத்தில் மிளகளவு மச்சம். 'துணிச்சலான உள்ளூர்வாசி' என்று சேனல்காரர்கள் எழுதியிருந்தார்கள். கொஞ்சநாள் கழித்து அதே மச்சம் சாராயக்கடைத் தகராறில் கைதாகி வந்தது. இப்போது 'ஹிஸ்பானிக் ஆண்'. முதல் படத்துக்கு வெள்ளையர் என்று மட்டும் போட்டேன், அடுத்ததற்கு ஹிஸ்பானிக் பெட்டியில் குறியிட்டேன். இரண்டும் சரி என்று வந்தது. ஒரே ஆளை இரண்டாக அறுத்ததற்காக மாதக் கூட்டத்தில் கைதட்டி எனக்கு ஒரு காபிக் குவளை கொடுத்தார்கள்.

"உங்களுக்கு மட்டும் எப்புடிங்க இத்தன கரெக்டா வருது?" என்றார் லீடர்.

"பரம்பரைத் தொழிலுங்க" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள்.

உண்மையில் நான் இந்தச் சீமையின் ஹிஸ்பானிக். என் அப்பா ஒடிசாவிலிருந்து எருமப்பட்டிப் பக்கம் ஒரு கோழிப்பண்ணைக்குக் கூலிக்கு வந்தவர். கோழிக் கொட்டகையை ஒட்டியிருந்த தகர அறையில்தான் நான் பிறந்தேன். ஊரில் எங்களுக்குப் பெயர் இந்திக்காரர்கள். அப்பாவுக்கு இந்தி தெரியாது. வந்த புதிதில் நெஞ்சைத் தொட்டு "ஒடியா, ஒடியா" என்று சொல்லிப் பார்த்திருக்கிறார். "ஆமாமா, இந்திதான்" என்று ஊர் தலையாட்டியது. கடைசியில் இந்திக்காரராகவே செத்துப்போனார். நான் பள்ளியில் தமிழில் முதல் மதிப்பெண் வாங்கியபோது, "இந்திக்காரன் வாங்கறான், உங்களுக்கு என்னடா கேடு?" என்று வாத்தியார் மற்ற பையன்களை வெளுத்தார். அவர்கள் வகுப்பில் வாங்கியதை நான் சாயங்காலம் வழியில் வாங்கினேன். செய்தித்தாளில் எங்களுக்கு இன்னும் பெரிய பெட்டி: வடமாநிலத்தவர். சாரத்திலிருந்து விழுந்து செத்தால் வெறும் 'தொழிலாளி பலி'. செல்போனைத் திருடினால்தான் 'வடமாநில வாலிபர் கைது'.

இதையெல்லாம் சிரிப்புக்கதையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தவனுக்கு வீடு தேடும் நிலை வந்தது. என் மனைவி பனமரத்துப்பட்டிக்காரி, அந்த ஊர் விவசாயக் குடும்பத்துப் பெண். என்னைக் கட்டியதால் அவளுக்குப் பிறந்தவீடு இல்லாமல் போயிற்று. அப்போது பிள்ளைத்தாய்ச்சி. நாங்கள் குடியிருந்ததோ மூன்றாம் மாடி. இனிப் படியேறினால் பிள்ளை தங்காது என்று டாக்டரம்மா முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார்.

அலுவலகத்துக்குப் பக்கத்திலேயே தரைத்தளத்தில் ஒரு வீடு காலியிருந்தது. வீட்டுக்காரம்மாவிடம் போனில் பேசினேன். "பேச்சே சொல்லுதுங்க சாமி, நம்ம பக்கத்து ஆளுன்னு. வந்து பாருங்க" என்றார். மனைவியோடு போனதும் மோர் கொடுத்து உட்காரவைத்தார்.

"எந்தூருங்க சாமி?"

"எருமப்பட்டிப் பக்கமுங்க."

"எருமப்பட்டில ஆரூட்டுப் பையன்?"

எங்கள் பக்கத்தில் யாரும் வாய்திறந்து சாதி கேட்க மாட்டார்கள், அது மரியாதையில்லை. யார் வீடு என்றுதான் கேட்பார்கள். அந்த ஒரு பதிலிலேயே சாதி, தோட்டம், குலசாமி, பங்காளிச் சண்டை எல்லாம் ஒரே வாளியில் மேலே வந்துவிடும்.

"கோழிப்பண்ணைங்க" என்றேன்.

"அட! நெம்பக் கோழிங்களா?"

"எண்ணி முடியாதுங்க."

"அப்பாதான் பாத்துக்கறாருங்களா?"

"அவர்தான் பாத்துட்டிருந்தாருங்க. தவறிட்டாரு. இப்ப அம்மா பாத்துக்கறாங்க."

ஒரு சொல்லும் பொய்யில்லை. அம்மா கோழிகளைத்தான் பார்த்துக்கொள்கிறார், முதலாளியின் கோழிகளை. "ஒத்தப் பொம்பளையா அத்தாப்பெரிய பண்ணையக் கட்டி மேய்க்கறாங்களே" என்று வீட்டுக்காரம்மா உருகி, சாவியை எடுத்து என் கையில் வைத்தார். மனைவி என் தொடையைக் கிள்ளினாள்.

கூடத்தில் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. எங்கோ நகைத்திருட்டு, வடமாநில வாலிபர்கள் கைது. முகத்தில் துணியைப் போர்த்தி இழுத்துப் போனார்கள்.

"இவனுகளுக்கு மட்டும் நான் ஊடு குடுக்கறதே இல்லீங்க" என்றார் வீட்டுக்காரம்மா. "எனக்குப் பாத்தாலே தெரிஞ்சுருமுங்க."

தொழில் அக்கறையில் கேட்டுவிட்டேன். "எப்புடீங்க?"

"கண்ணுல ஒரு திருட்டு முழி இருக்குமுங்க. மூக்கும் ஒரு தினுசா இருக்கும்." என் கண்ணையும் மூக்கையும் நேராகப் பார்த்துக்கொண்டேதான் சொன்னார்.

என் மனைவிக்கு அதற்குமேல் தாங்கவில்லை. "கொழந்தையப் பாக்க எங்க அத்தை வருவாங்கம்மா. அவங்க ஒடிசாக்காரங்க. இவரும் அவங்க பையன்தான். அந்தப் பண்ணைல கூலிக்குத்தான் இருக்காங்க."

வீட்டுக்காரம்மா என் பக்கம் திரும்பினார். இவ்வளவு நேரமும் மோர் கொடுத்து உபசரித்த என் அதே முகத்தைத்தான் பார்த்தார்.

"அதான! இப்பப் பாத்தாத் தெரியுது" என்றார். விலங்கு பூட்டிய பிறகு அந்த மச்சக்காரன் ஹிஸ்பானிக்காக மாறியதும் இப்படித்தான்.

பிறகு என் மனைவியின் வயிற்றைப் பார்த்தார். "புள்ள நம்ம பக்கத்துப் புள்ள. வாயும் வயிறுமா நிக்கறவளப் போன்னா பாவஞ் சேரும். இருந்துக்கங்க. ஆனா உங்க சனம் ஒருத்தரும் இந்த வாசப்படி மிதிக்கக் கூடாது. உங்கம்மாளும்தான். அக்கம்பக்கத்துல கேட்டா நான் பண்ணைக்காரரூட்டுப் பையன்னே சொல்லிக்கறேன்."

மனைவி என்னைப் பார்த்தாள். பதிலடியாக என்னென்னவோ வேடிக்கை பேசத் தெரிந்தவன் நான். மூன்று மாடிப் படிகள் மனதில் வந்து நின்றன. "சரிங்க" என்றேன்.

மகள் நல்லபடியாகப் பிறந்தாள். வீட்டுக்காரம்மா மடியில் வாங்கி விளக்குப் பக்கம் திருப்பிப் பார்த்தார். "அப்பிடியே அம்மா சாடை. தப்பிச்சுக்கிட்டா!" என்று நெட்டிமுறித்தார். அன்பாகத்தான் சொன்னார்.

என் அம்மா ஆஸ்பத்திரியில் ஒருதரம் பார்த்தார். அப்புறம் சேலம் பேருந்து நிலையத்தில், கிளம்பவிருந்த நாமக்கல் பஸ்ஸின் ஜன்னலோர இருக்கையில் பேத்தியை வைத்துக்கொண்டு, "ஊட்டுக்கு எப்ப வரட்டும்?" என்றார்.

"எங்க ஊட்டுக்காரம்மா மகாராணிம்மா. படையெடுத்து வந்தாத்தான் கோட்டைக்குள்ள உடுவாங்க" என்றேன். அவர் சிரிக்கவில்லை. டிரைவர் ஏறி உட்கார்ந்ததும் பேத்தியை என் கையில் கொடுத்தார்.

"முட்ட விக்கறவங்கள உடுவாங்கல்ல?" என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, முக்காடு போட்டுக்கொண்டு ஓர் அட்டை முட்டையோடு வாசலில் நின்றார். வீட்டுக்காரம்மா பேரம் பேசிக் கொஞ்சம் வாங்கினார். "இந்திக்காரியா இருந்தாலும் முட்ட நல்லாத்தான் இருக்குது. அந்தூட்டுல கொழந்த பெத்தவ இருக்கறா, அங்கயும் கேட்டுப் பாரு" என்று அவரே எங்கள் பக்கம் அனுப்பிவைத்தார்.

அம்மா உள்ளே வந்து அட்டையை என் முன்னால் வைத்தார். கையைச் சேலையில் நன்றாகத் துடைத்துவிட்டுக் குழந்தையைத் தூக்கி முகத்தோடு சேர்த்துக்கொண்டார். அதற்குள் வீட்டுக்காரம்மா கதவருகே வந்துவிட்டார். என் மூக்கும் அம்மாவின் மூக்கும் ஒரே அச்சு. பார்த்தாலே தெரிகிறவருக்கு அது தெரியவில்லை.

"ஏய், கொழந்தைய எதுக்குத் தொடற? கோழி நோண்டுன கையி! நீங்களும் பாத்துட்டுச் சும்மா இருக்கறீங்களே சாமி?"

அம்மா குழந்தையை மெத்தையில் வைத்துவிட்டுக் கைகட்டி நின்றார். "தப்புங்கம்மா" என்றார்.

நான் குனிந்து, உடையாத முட்டையாகப் பொறுக்குகிறவன்போல, ஒவ்வொன்றாகத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டிருந்தேன்.