தொட்டியில் போட்ட செம்புச் சதங்கள்

இந்தக் கடிதத்தை வாசித்துவிட்டு மற்றத் தோழிகள் மூவரிடமும் கொடுங்கள். நான் இன்னும் பள்ளிக்கூடம் வருபவளாக இருந்தால் நேரிலேயே சொல்லியிருப்பேன்.

என் கடல்நீர்த் தொட்டியில் இருந்த பவளம் இன்று செத்துவிட்டது.

போன கிழமை மீன்களின் உடம்பில் உப்புத் தூவியதுபோல வெள்ளைப் புள்ளிகள். ஒட்டுண்ணிதான். லிங்கநகரில் இருக்கும் மச்சாள் தன் தங்கமீன்களுக்குச் செய்வதுபோல, நானும் பழைய செம்புச் சதக் காசுகளைத் தண்ணீரில் போட்டேன். புள்ளிகள் மறைந்தன. பவளமோ நாளுக்கு நாள் வெளுத்து, இன்று காலை சளியாய்க் கரைந்து கிடந்தது.

அந்தப் பவளத்தைக் கடலிலிருந்து எடுத்துத் தந்த, சல்லிக் கிராமத்து அண்ணை இன்று தொட்டிக்குக் கடல்தண்ணீர் கொண்டு வந்தார். தொட்டியை எட்டிப் பார்த்தார்.

“செம்பு பூச்சியையும் கொல்லும், பவளத்தையும் கொல்லும். ஞாயிற்றுக்கிழமையும் வந்தனான்தானே, ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாமே பிள்ளை?”

“அவள் எங்க கேக்கிறது? உங்கட சைக்கிள் சத்தம் கேட்டாலே குசினிக்குள்ள ஓடிடுவாள்” என்றார் அம்மா.

உண்மைதான். அன்று, செம்பு போடலாமா என்ற கேள்வியை வாய்க்குள் வைத்துக்கொண்டு சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்றேன். அவர் தேத்தண்ணீர் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

இப்போதும் முன்னறைக் கதிரையில்தான் இருக்கிறார். மீன்களாவது இந்தத் தண்ணீரில் தப்புமா என்று கேட்க வேண்டும். உங்களில் வாய் உள்ளவள் யாராவது வந்து கேட்டுத் தாருங்கள். இது உங்கள் கைக்கு வரும்போது அவர் போயிருப்பார், அது வேறு கதை.