தறி நின்றால்

சுவீடனில் வேலை பார்க்கும் மகள், அந்த நாட்டில் ஆற்றங்கரையில் இருக்கும் ஒரு சின்ன ஊருக்கு என்னை அழைத்துப் போனாள். அங்கே எப்போதோ மூடிய துணி மில் இப்போது அருங்காட்சியகம். வாசலில் தந்த மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டு உள்ளே போனேன். நூல் வாசனை. பழைய கைத்தறி ஒன்றில் ஒரு பெண் நெய்து காட்டிக்கொண்டிருந்தாள்.

சின்ன வயதில், பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில் அம்மா குழித்தறியில் நெய்துகொண்டிருக்க, சமையலறையில் நானும் தம்பியும் தறி அடிக்கும் ஒவ்வொரு சத்தத்தோடும் சேர்த்து வெல்ல டப்பாவின் மூடியைக் கொஞ்சம் கொஞ்சமாக நெம்பித் திறந்து, ஆளுக்கொரு கட்டியை வாயில் அடக்கிக்கொள்வோம். திடீரென்று சத்தம் நிற்கும். இழை அறுந்ததா, அம்மா எழுந்து வருகிறாளா, தெரியாது. "இன்னா பண்ணிக்கினு இருக்கீங்க ரெண்டு பேரும்?" என்று குரல் வரும். வாய் நிறைய வெல்லத்தோடு எப்படிப் பதில் சொல்வது? தறி மறுபடி அடித்தால்தான் விழுங்குவோம். இன்று அந்த இடத்தில் செல்போன் கடை. அம்மா போய் ஆறு வருஷம்.

அந்தப் பெண் நெய்வதை நிறுத்திவிட்டு எழுந்தாள்.

"இன்னாமா, அப்படியே நின்னுட்ட?" என்றாள் மகள்.

வாயில் கரைந்துகொண்டிருந்த மிட்டாயை விழுங்காமல் அடக்கிக்கொண்டேன்.