இடது கை செய்த வேலை

கேமராக் கடையில் ஒன்பது வருடமாக விற்பனையாளராக இருந்தவள் அவள். பைக் என்ன, சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது. மண்பாதையில் பைக் ஓட்டுகிறவர்கள் உடம்பில் மாட்டும் கேமரா கேட்டு வந்தால், பெட்டியில் அச்சடித்திருப்பதை அப்படியே ஒப்பிப்பாள். ஒருநாள் வாடிக்கையாளர் ஒருவர், தான் வாங்கிய கேமராவைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார்.

"நீங்க சொன்னதை நம்பி வாங்கினேன். ரெண்டு மணி நேரம் ஓட்டினதுல வெறும் வானமும் மரக்கிளையும்தான் இருக்கு."

அவர் கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. நிதானமாகச் சொன்னதுதான் அவளுக்குச் சுருக்கென்றது. உடனே முதலாளியிடம் போய், வீட்டில் சோதித்துப் பார்க்க மூன்று கேமரா கேட்டாள்.

"உங்களுக்கு எதுக்கும்மா இந்த வம்பு?"

"தெரியாததை வித்தா நாக்கு கூசுது சார்."

அவர் தலையைச் சொறிந்தபடி அலமாரிச் சாவியை நீட்டினார்.

ஓட்டுவதற்கு வீட்டிலேயே ஆள் இருந்தாள், கணவனின் தங்கை. செல்போன் கோபுரங்களைப் பழுது பார்க்கிறவள்; குன்றுகளுக்கெல்லாம் பைக்கிலேயே போய் வருவாள். மண்பாதைப் பந்தயத்தில் நான்கு வருடமாகக் கலந்துகொண்டு, நான்கு வருடமும் ஒரே இறக்கத்தில் விழுந்தவள்.

ஞாயிறு காலை அந்தப் பந்தயப் பாதைக்கே போனார்கள். நாத்தனாரின் ஹெல்மெட் உச்சியில் ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, மார்புப் பட்டையில் ஒன்று என்று கட்டிவிட்டாள்.

"அண்ணி, ஆளைவிட கேமரா அதிகமா இருக்கு."

"பேசாம ஓட்டு. அதுவும் பதிவாகும்."

நாத்தனார் அன்றும் விழுந்தாள். முழங்கையில் சிராய்ப்போடு சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து இருவரும் வீடியோக்களைப் பார்த்தார்கள். உச்சியில் இருந்தது விலை கூடியது. கிளை தட்டிச் சாய்ந்து வானத்தையே பார்த்திருந்தது. பக்கவாட்டில் இருந்தது தலை திரும்பும்போதெல்லாம் சுழன்று மயக்கம் வரவைத்தது. மார்பில் இருந்ததோ ஹேண்டில்பார், இரண்டு கைகள், எதிரே பாதை என்று எல்லாவற்றையும் ஆடாமல் காட்டியது. கையுறையோடு அமுக்க முடிந்த பொத்தானும் அதில்தான். எல்லாவற்றையும் குறித்துக்கொண்டவள், இறக்கம் வந்ததும் வீடியோவை நிறுத்தினாள்.

"இங்க உன் இடது கை என்ன பண்ணுது?"

"ஒண்ணும் பண்ணலையே."

"நாலு விரலும் மடங்குது பாரு."

நாத்தனார் திரும்பத் திரும்பப் பார்த்தாள். "அண்ணி, நான் பயத்துல கிளட்ச்சைப் பிடிக்கிறேன். கிளட்ச்சைப் பிடிச்சா இன்ஜினுக்கும் சக்கரத்துக்கும் தொடர்பு விட்டுப்போயிடும், அப்புறம் இன்ஜின் எப்படி வண்டியை இழுத்துப் பிடிக்கும்? அது பாட்டுக்கு உருண்டு ஓடும். நாலு வருஷமா டயரைக் குறை சொல்லிட்டிருந்தேன்."

மறுநாள் அந்த வாடிக்கையாளரை அழைத்து, மார்புப் பட்டைக் கேமராவை மாற்றிக் கொடுத்தாள். வாரக் கடைசியில் அவர் ஓடையைக் கடந்த வீடியோவை முழுதாக அனுப்பினார். அதைப் பார்த்த முதலாளி, "இனிமே கடைக்கு எந்த கேமரா வாங்கணும்னு நீங்களே சொல்லுங்க" என்றார்.

பந்தயத்தன்று அவள் இறக்கத்தின் அடியில் நின்றாள். மேலே நாத்தனாரின் மஞ்சள் ஹெல்மெட் தெரிந்தது. பின்சக்கரம் ஒருமுறை வழுக்கியது. இடது கை விரல்கள் மடங்கவில்லை. பைக் உறுமிக்கொண்டே நிதானமாக இறங்கி, அவளைத் தாண்டிப் போனது.

முப்பத்திரண்டு பேரில் பதினொன்றாவதாக வந்த நாத்தனார், ஹெல்மெட்டையும் மார்புக் கேமராவையும்கூடக் கழற்றாமல் சேறும் சகதியுமாக வந்து கட்டிக்கொண்டாள்.

"கேமரா குத்துதுடி, விடு."

"குத்தட்டும் அண்ணி."

அவளும் விடவில்லை.