குமாஸ்தாவுக்காக எழுந்து நின்றவர்

கடைக்கு வருகிறவர்கள் அவளைக் கத்தரி அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பெண்களுக்கு முடி வெட்டும் கடை. இரண்டு நாற்காலி, சுவர் நீளத்துக்கு ஒரு கண்ணாடி. வந்தவள் கண்ணை மூடித் தலையைச் சாய்த்ததும் அக்கா கதை சொல்ல ஆரம்பித்துவிடுவாள். ஊர்க்கதை இல்லை, படித்த கதை.

போன வருடம் முழுக்க ஒரே நாவல்தான். புகைப்படம் எடுக்கும் பெண் ஒருத்தி பழைய ஸ்டூடியோவின் இருட்டறைக்குள் நுழைந்து, பாட்டன் காலத்தில் வெளியே வருகிறாள். அங்கே ஒரு தந்தி குமாஸ்தாவைக் காதலிக்கிறாள். கடைசியில் அவனை விட்டுவிட்டுத் தன் காலத்துக்கே திரும்புகிறாள். இந்த இடத்தைக் கேட்டு ஒரு கல்யாணப் பெண் தேம்பித் தேம்பி அழுததில், அக்கா பாதி வெட்டோடு கத்தரியைக் கீழே வைக்க வேண்டியதாயிற்று.

பிறகு இரண்டாம் பாகம் வந்தது. அதில் குமாஸ்தா அவளைத் தேடி இந்தக் காலத்துக்கே வந்துவிடுகிறான், வீட்டில் ஒற்றை ஆளாக இருக்கும் அம்மாவை விட்டுவிட்டு. படித்தவர்களில் பாதிப் பேர் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள், மீதிப் பேர் திட்டித் தீர்த்தார்கள். கிளை நூலகத்தில் ஞாயிற்றுக்கிழமை வாசகர் கூட்டம் வைத்தார்கள்.

அக்காவின் கணவர் பேக்கரியில் அடுப்படி வேலை பார்ப்பவர். வீட்டில் அவள் நாவல் பேச்சை எடுத்தாலே, "அந்தக் குமாஸ்தாவுக்கு வேற வேலையே இல்லையா?" என்று வாயை அடைத்துவிடுவார். அன்று துணைக்கு வந்தவர் கடைசி வரிசையில் உட்கார்ந்துகொண்டார்.

வங்கியில் வேலை பார்க்கும் அம்மாள் முதலில் எழுந்தார். "முதல் பாகம் தேன். இது தண்ணி கலந்த தேன்."

"போங்க மேடம்! அவன் வந்து வாசல்ல நிக்கிறானே, அங்கயே நான் காலி!" என்றாள் ஒரு கல்லூரிப் பெண்.

அக்கா இதுவரை கூட்டத்தில் பேசியதே இல்லை. எப்படிக் கையைத் தூக்கினாளோ, எழுந்து நின்றிருந்தாள். "எனக்கு அவன்மேல கோபம். காதலிக்காக வந்தான், சரி. பெத்தவளை ஒரு தடவையாவது நினைச்சானா?"

கைதட்டல் அடங்குவதற்குள் பின்னாலிருந்து ஒரு குரல்.

"நினைச்சான்!"

எல்லாரும் திரும்பினார்கள். அவள் கணவர் நின்றுகொண்டிருந்தார். காது இரண்டும் சிவந்திருந்தன. "அவங்க அம்மா வீடு இருந்த இடத்துல இப்ப செல்போன் கடை. அது முன்னாடி பொழுது சாயுற வரைக்கும் நிக்கிறான்ல? யாருக்காக நின்னான்? வாயால சொன்னாத்தான் நினைப்பா?"

அக்கா தலைகளுக்கு மேலே எட்டி அவரைப் பார்த்தாள். "நீங்க... எப்பங்க படிச்சீங்க?"

"மாவு உப்புற நேரத்துல. ரெண்டு பாகமும்."

கூடம் சிரிப்பில் அதிர்ந்தது.

"அப்ப வீட்டுல எதுக்குங்க அவ்வளவு கிண்டல்?"

"பின்ன? நான் பாதியில இருப்பேன். நீ பாட்டுக்கு முடிவைப் போட்டு உடைச்சிட்டா?"

அதற்குப் பிறகு கூட்டம் அவர்கள் இரண்டு பேருடையதாகிவிட்டது. "அம்மாகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்தா என்ன?" என்று அவள் கேட்க, "சொன்னா விடுவாங்களா?" என்று அவர் திருப்பிக் கேட்டார். புருஷன் பெண்டாட்டி முடித்ததும் எங்களுக்கும் ஒரு வாய்ப்புக் கொடுங்கள் என்று வங்கி அம்மாள் கெஞ்ச வேண்டியிருந்தது. காஸ், தண்ணீர், பிள்ளைகளின் காய்ச்சல் என்று மட்டுமே பேசிப் பழகிய மனிதர், யாரோ ஒரு குமாஸ்தாவுக்காகக் குரலை உயர்த்தி வாதாடுவதைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு முகமெல்லாம் சூடாகியது. ஆனாலும் விட்டுக்கொடுக்கவில்லை. விட்டுக்கொடுத்தால் பேச்சு நின்றுவிடுமே!

கூட்டம் கலைந்தும் பேச்சு ஓயவில்லை. வந்த பஸ்ஸை விட்டுவிட்டு, நடந்தே வீட்டுக்குப் போனார்கள்.

மறுநாள் முதல் ஆளாக அந்தக் கல்லூரிப் பெண் கடைக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். அக்கா அவள் தோளில் துணியைப் போர்த்தினாள், முடியில் தண்ணீர் தெளித்தாள், தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"எங்க வீட்டுக்காரர் என்ன சொல்றார்னா..."